காலேஜ்ல முதல் வருஷமா? ஃபெஸ்ட், சிம்போசியம், கேம்ப்னு இந்த வருஷம் வர்ற எல்லாத்துக்கும் எப்படிப் போறதுன்னு சொல்றேன்

கவுன்சிலிங் முடிஞ்சு, ஃபீஸ் கட்டி, ஐடி கார்டு கழுத்துல தொங்க ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆயிருக்கும்ல. இப்போ காரிடார்ல போறப்ப வர்றப்ப கலர் கலரா போஸ்டர் ஒட்டியிருக்கறதப் பாத்திருப்பீங்க, சிம்போசியம்னு ஒண்ணு, கல்ச்சுரல்ஸ்னு ஒண்ணு, ஹேக்கத்தான்னு ஒண்ணு, என்எஸ்எஸ்ல, அதாவது நாட்டு நலப்பணித் திட்டத்துல, சேர பேர் கொடுங்கன்னு ஒண்ணு, அதையெல்லாம் பாத்துட்டு இது சீனியர்ஸுக்குப் போலன்னு நகர்ந்து போயிருவீங்க. நான் முதல் செமஸ்டர் முழுக்க அப்படித்தான் நகர்ந்து போனேன். மதுரைப் பக்கம் ஒரு கிராமம், பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், வீட்டுல காலேஜ் வாசல மிதிச்ச முதல் ஆளு நான்தான், சென்னைக்கு வெளிய ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல இசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் படிப்பு, ஹாஸ்டல். யாராவது வந்து "வாம்மா, நீயும் கலந்துக்கோ"ன்னு கூப்பிடுவாங்கன்னு காத்துட்டே இருந்தேன். யாரும் கூப்பிடல. யாரும் கெட்டவங்க இல்ல, எனக்கு இஷ்டம் இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இந்த வருஷம் படிப்ப முடிச்சுட்டு வெளிய வந்துட்டேன், ஹாஸ்டல்ல என் ரூமுக்கு வந்த ஜூனியர் பொண்ணுங்க ஒவ்வொரு வருஷமும் அதே கேள்விகளைக் கேட்டதால அத்தனையையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ மனசுல வச்சுத்தான் எழுதுறேன், ஆர்ட்ஸ் காலேஜ்னாலும் பாதிக்கு மேல பொருந்தும்.

முதல்ல, தகவல் எங்க கிடைக்கும்னு பிடிங்க

நோட்டிஸ் போர்டு ஒண்ணு மட்டும் போதாது, அங்க ஒட்டுறப்ப கடைசி தேதிக்கு ரெண்டு நாள்தான் இருக்கும். உங்க டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு அசோசியேஷன் இருக்கும், அதுக்கு செக்ரட்டரி, ஜாயின்ட் செக்ரட்டரின்னு மூணாவது வருஷம், ஃபைனல் இயர் ஆளுங்க இருப்பாங்க, அவங்க யாருன்னு தெரிஞ்சுக்கறதுதான் முதல் வேலை. உங்க கிளாஸ் ரெப்கிட்ட கேளுங்க, இல்லன்னா டிபார்ட்மென்ட் ஆபீஸ்ல இருக்கற அண்ணன்கிட்ட கேளுங்க, அவருக்கு எல்லாம் தெரியும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்ல உங்க நம்பரைச் சேக்கச் சொல்லுங்க. வெளி காலேஜ் பிரோஷர் எல்லாம் மெயில்லயோ தபால்லயோ டிபார்ட்மென்ட் தலைவரான ஹெச்ஓடிக்கு வரும், அது அங்கிருந்து ஸ்டாஃப் கோஆர்டினேட்டர், அவர்கிட்டருந்து செக்ரட்டரின்னு இறங்கி இறங்கி உங்ககிட்ட வர்றதுக்குள்ள பாதிப் பேருக்கு வராமலே போயிரும். நீங்க மேல ஒரு படி ஏறிப் போய் நின்னா சீக்கிரம் கிடைக்கும்.

இண்டக்‌ஷன் புரோகிராம்னு ஆரம்பத்துல நடக்குதுல்ல, டெக்னிக்கல் காலேஜுக்கெல்லாம் விதி போடற ஏஐசிடிஇ மூணு வாரம் நடத்தச் சொல்லியிருக்கு, ஒவ்வொரு காலேஜும் தன் வசதிக்கு நடத்தும். அதுல ஒரு நாள் கிளப் எல்லாம் வந்து தங்களப் பத்திப் பேசுவாங்க. நிறைய பேர் அன்னைக்கு மட்டம் போட்டு ஊருக்குப் போயிருவாங்க. நீங்க போகாதீங்க. மைக்ல யாரு பேசுறாங்கன்னு முகத்தப் பாத்து வச்சுக்கோங்க, ஒரு வாரம் கழிச்சு கேன்டீன்ல பாத்தா "அண்ணா, அன்னைக்கு நீங்க போட்டோகிராபி கிளப் பத்திப் பேசினீங்கல்ல"ன்னு ஆரம்பிக்க அது போதும்.

வருஷம் எப்படி ஓடும்

தேதி காலேஜுக்குக் காலேஜ் மாறும், ஆனா ஓட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆகஸ்ட், செப்டம்பர்ல கிளப் சேர்க்கை, ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்னு, ஒரு பிரச்சினைக்கு டீமா உக்காந்து தீர்வு பண்ற தேசிய அளவு போட்டி, அதுக்கு காலேஜுக்குள்ள நடக்கற தேர்வு, செப்டம்பர் 15 இன்ஜினியர்ஸ் டே, அது விஸ்வேஸ்வரய்யா பொறந்த நாள், நிறைய டிபார்ட்மென்ட் அன்னைக்குத்தான் அசோசியேஷன தொடங்கி வைப்பாங்க. செப்டம்பர் 24 என்எஸ்எஸ் டே. திருச்சி என்ஐடியோட ஃபெஸ்டம்பர் பேருல இருக்கற மாதிரியே செப்டம்பர் வாக்குல வரும். அக்டோபர்ல சிம்போசியம், அதாவது டிபார்ட்மென்ட் நடத்தற ஒரு நாள் போட்டி விழா, ஒண்ணு மேல ஒண்ணு வரும், நடுவுல லேப், ஒர்க்‌ஷாப்ல ஆயுத பூஜை, லேத் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு பொரி கொடுப்பாங்க, அன்னைக்கு லேப் அசிஸ்டன்ட் அண்ணன்களோட நின்னு தோரணம் கட்டுங்க, வருஷம் முழுக்க அந்தப் பழக்கம் உதவும். நவம்பர், டிசம்பர் செமஸ்டர் எக்ஸாம், அப்ப எங்கயும் போகாதீங்க.

ஜனவரி பெரிய மாசம். காலேஜ்ல பொங்கல் விழா இருக்கும், கோலம், உறியடி, கயிறு இழுக்கற போட்டின்னு. அதே மாசம் ஐஐடி மெட்ராஸ்ல சாஸ்த்ராவும் சாரங்கும். சாஸ்த்ரா டெக்னிக்கல், சாரங் கல்ச்சுரல், சாரங்குக்கு முன்ன மார்டி கிரான்னு பேரு. ஃபிப்ரவரி, மார்ச்ல கிண்டி இன்ஜினியரிங் காலேஜோட டெக்கோஃபெஸ், என்ஐடியோட பிரக்யான், விஐடில ரிவியரா, உங்க காலேஜோட சொந்த கல்ச்சுரல்ஸ், ஸ்போர்ட்ஸ் டே, காலேஜ் டே எல்லாம் மேல மேல வந்து விழும். ஏப்ரல் ஆரம்பிச்சா மறுபடி மாடல் எக்ஸாம். ஆக உங்களுக்குக் கிடைக்கறது வருஷத்துல ரெண்டு கதவு, ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் ஒண்ணு, ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ஒண்ணு. முதல் கதவ விட்டுட்டா ரெண்டாவதுல தனியாப் போய் நிக்கணும், அதனால இப்பவே ஆரம்பிங்க.

முதல் தடவை வாலண்டியரா போங்க

இதை நான் ரொம்ப நம்புறேன். எடுத்த உடனே மேடை ஏறுங்கன்னு சொன்னா பத்துல ஒம்பது பேர் பயந்துருவாங்க, பார்வையாளரா போங்கன்னு சொன்னா பின்னாடி வரிசைல உக்காந்து போன் நோண்டிட்டு வந்துருவாங்க. வாலண்டியரா போனா கையில ஒரு வேலை இருக்கும், வேலை இருந்தா கூச்சத்துக்கு நேரம் இருக்காது.

எனக்கு ரெண்டாவது செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துல ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க் கொடுத்தாங்க. காலைல ஏழரைக்கு வரச் சொல்லிட்டாங்க. ஒரு நீள மேசை, பச்சை துணி, மேல மூணு அட்டைப்பெட்டி, ஒண்ணுல பேடும் பேனாவும், ஒண்ணுல சாப்பாட்டு டோக்கன், ஒண்ணுல பேர் எழுதாத சர்டிபிகேட். எட்டரைக்கு முதல் பஸ் வந்து நின்னுச்சு, ஒரே நேரத்துல நாப்பது பேர் மேசைல வந்து சாயறாங்க, ஒருத்தருக்கு டீம்ல ஒரு ஆள் வரல, ஒருத்தர் ஐடி கார்டு மறந்துட்டாரு, ஒரு பொண்ணு நேரா ரெஸ்ட் ரூம் எங்கன்னு கேக்குது. மத்தியானத்துக்குள்ள இருநூறு பேர்கிட்டயாவது பேசியிருப்பேன். அதுவரைக்கும் கிளாஸ்ல எழுந்து நின்னு ஒரு டவுட் கேட்டதில்ல நான். சாயந்திரம் சர்டிபிகேட்ல பேர் எழுத உக்கார வச்சாங்க, கறுப்பு ஜெல் பேனா, கோட்டு மேல நேரா எழுதணும், இனிஷியல் முன்னாடியா பின்னாடியான்னு ஒவ்வொருத்தரும் எழுதின மாதிரியே பாத்து எழுதணும், ஒருத்தருக்கு 'கே'க்குப் பதிலா 'ஆர்'னு எழுதிட்டேன், அவரு திரும்பி வந்து தயங்கித் தயங்கிக் கேட்டாரு, எக்ஸ்ட்ரா தாள் இருந்ததால வேற எழுதிக் கொடுத்தேன். உங்க கைக்கு அந்த வேலை வந்தா பேரைச் சத்தமா ஒரு தடவை வாசிச்சுக் காட்டிட்டு எழுதுங்க.

வாலண்டியரா சேர என்ன பண்ணணும்னா, ஈவென்ட்டுக்கு மூணு வாரம் முன்னாடி செக்ரட்டரிகிட்டப் போய் "அக்கா, ரெஜிஸ்ட்ரேஷனோ ஹாஸ்பிட்டாலிட்டியோ எதுல ஆள் வேணும்"னு கேளுங்க. சும்மா "ஏதாவது ஹெல்ப் வேணுமா"ன்னு கேட்டா சரி பாக்கலாம்னு சொல்லிட்டுப் போயிருவாங்க, டீம் பேர் சொல்லிக் கேட்டாத்தான் உடனே பேர் எழுதுவாங்க. ரெஜிஸ்ட்ரேஷன், ஹாஸ்பிட்டாலிட்டி, ஸ்டேஜ், டெக்கரேஷன், ஃபுட், டிசிப்ளின், ஸ்பான்சர்ஷிப்னு டீம் இருக்கும். முதல் வருஷத்துக்கு முதல் ரெண்டுதான் நல்லது. ஸ்பான்சர்ஷிப்புக்குக் கடை கடையா ஏறி இறங்கச் சொல்வாங்க, அதுக்கு காலேஜ் லெட்டர்ஹெட்ல ஸ்டாஃப் கையெழுத்து போட்ட லெட்டர் இல்லாம போகவே போகாதீங்க, வாங்குற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கொடுங்க.

அடுத்து, சிம்போசியத்துல பேர் கொடுக்கறது

சிம்போசியம்னா ஒரு நாள் விழா, ஒரு டிபார்ட்மென்ட் நடத்தும், வேற காலேஜ் பசங்க வருவாங்க. டெக்னிக்கல்ல பேப்பர் பிரசன்டேஷன், புராஜெக்ட் எக்ஸ்போ, கோட் டீபக்கிங், சர்க்யூட் டீபக்கிங், டெக்னிக்கல் குவிஸ். நான்டெக்னிக்கல்ல கனெக்‌ஷன்ஸ், ட்ரெஷர் ஹன்ட், ஐபிஎல் ஏலம், போட்டோகிராபி, குறும்படம். நான் போன இடங்கள்ல ஒரு ஆளுக்கு 150ல இருந்து 300 ரூபா வரைக்கும் வாங்குனாங்க, மத்தியானச் சாப்பாடு அதுக்குள்ளயே வந்துரும், ஒரு தடவை கட்டுனா எத்தனை ஈவென்ட்ல வேணாலும் கலந்துக்கலாம், நேரம் இடிக்காம பாத்துக்கணும். பணம் அனுப்புறதுக்கு முன்னாடி பிரோஷர்ல இருக்கற கோஆர்டினேட்டர் நம்பருக்கு ஒரு போன் போட்டு பேசிருங்க. ஈவென்ட்டே இல்லாம, வீட்டுல இருந்தே பணம் கட்டுங்க, சர்டிபிகேட் மெயில்ல வரும்னு சொல்றவங்களுக்கு ஒரு ரூபா கூட அனுப்பாதீங்க. அந்தத் தாள காட்டி நாளைக்கு இன்டர்வியூல ஒரு கேள்வி கேட்டா சொல்றதுக்கு உங்ககிட்ட ஒண்ணும் இருக்காது.

பேப்பர் பிரசன்டேஷன்தான் முதல் வருஷ பசங்க அதிகமா பயப்படுறது, உண்மையில அதுதான் ரொம்ப ஒழுங்கா நடக்கற ஈவென்ட். முதல்ல ஒரு அப்ஸ்ட்ராக்ட், அதாவது சுருக்கம், ஒரு பக்கத்துக்குள்ள, மெயில்ல அனுப்பணும். செலக்ட் ஆச்சுன்னா முழுப் பேப்பர், பெரும்பாலும் ஐட்ரிபிள்ஈ ஃபார்மட்ல, அதாவது ரெண்டு காலமா பிரிச்சு. அப்புறம் ஸ்லைடு பத்துப் பன்னெண்டு. பேச எட்டு நிமிஷம், கேள்விக்கு ரெண்டு நிமிஷம், இதுதான் வழக்கம். ஏதோ நெட்ல இருந்து பெரிய தலைப்பா எடுத்துட்டுப் போகாதீங்க, ஜட்ஜா வர்ற புரொபசர் அதே தலைப்ப அன்னைக்கு மட்டும் நாலு தடவை கேட்டிருப்பாரு. உங்க வீட்டுல, ஊர்ல பாத்த ஒரு பிரச்சினைய எடுங்க.

எங்க அப்பாவுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மியா மல்லித் தோட்டம், சொட்டுநீர் போட்டிருக்கோம், எப்ப தண்ணி விடணும்னு அப்பா கைய மண்ணுக்குள்ள விட்டுப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாரு. அத ஒரு சென்சார் பாத்து மோட்டார் போடற மாதிரி நானும் என் ரூம்மேட்டும் ஒரு சின்ன மாடல் பண்ணோம், ரெண்டு முள்ளு இருக்கற சாதாரண மண் ஈர சென்சார், கடையில நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும். முதல் தடவை வேற காலேஜ்ல மேடை ஏறி அதைச் சொன்னேன், இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணி வச்சிருந்ததுல பாதி மறந்து போச்சு. ஜட்ஜா வந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "இந்த ரெண்டு முள்ளுக்கு நடுவுல கரண்ட் போயிட்டே இருந்தா ஈர மண்ணுல அது அரிச்சுப் போயிரும், ஒரு மாசத்துல அளவு தப்பா காட்டும், அப்ப என்ன பண்ணுவீங்க?" எனக்கு இங்கிலீஷ் வரல, தமிழ்லயே "மேடம், எப்பவும் கரண்ட் கொடுக்காம, அளக்குற நேரத்துக்கு மட்டும் கொடுத்தா அரிப்பு குறையும்ல"ன்னு சொன்னேன். அவங்க பேனாவ மூடி வச்சுட்டு, "குறையும். அதோட கெப்பாசிட்டிவ் டைப் ஒண்ணு இருக்கு, அதுல உலோகம் மண்ணுல படாது, அத வாங்கிப் பாருங்க"ன்னாங்க. பிரைஸ் வேற டீமுக்குப் போச்சு. ஆனா ஃபைனல் இயர் புராஜெக்டா நாங்க பண்ணது அந்த கெப்பாசிட்டிவ் சென்சார வச்சுத்தான், அது இப்பவும் எங்க தோட்டத்துல இருக்கு. கேள்விக்குத் தமிழ்ல பதில் சொல்லலாமான்னு யாரும் தயங்க வேண்டாம், "மே ஐ ஆன்சர் இன் டமில்"னு கேட்டுட்டு சொல்லுங்க, நான் போன எந்த இடத்துலயும் வேண்டாம்னு சொன்னதில்ல.

ஓடி வாங்குறத மட்டும் விட்டுறாதீங்க

ஓடின்னா ஆன் டூட்டி, நீங்க காலேஜ் சார்பா வெளிய போயிருக்கீங்கன்னு அட்டென்டன்ஸ்ல குறிக்கறது. அண்ணா யுனிவர்சிட்டி ரூல்படி எக்ஸாம் எழுத 75 சதவீத அட்டென்டன்ஸ் வேணும். நான் ரெண்டாவது வருஷத்துல மூணு ஈவென்ட்டுக்கு வாய்ல சொல்லிட்டே போனேன், ஸ்டாஃபும் சரிம்மான்னாங்க, எழுத்துல ஒண்ணும் இல்ல. செமஸ்டர் கடைசில லிஸ்ட் ஒட்டினப்ப எனக்கு 74. அந்த ஸ்டாஃப் அதுக்குள்ள வேற காலேஜுக்கு மாறிட்டாங்க, ஆபீஸ்ல "லெட்டர் எங்க"ன்னு ஒரே கேள்விதான். நாலு நாள் ஆபீஸுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் நடந்தேன், பழைய சர்டிபிகேட் ஜெராக்ஸ், நடத்துன காலேஜ்ல இருந்து மெயில் எல்லாம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் ஹால் டிக்கெட் கைக்கு வந்துச்சு. அந்த நாலு நாள் ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன்னு எனக்குத்தான் தெரியும்.

அதனால இப்படிப் பண்ணுங்க. ஈவென்ட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி பிரோஷர பிரின்ட் எடுங்க, செலக்ட் ஆன மெயில் இருந்தா அதையும். ஹெச்ஓடிக்கு ஒரு லெட்டர், கிளாஸ் அட்வைசர் வழியா, அதுல டீம்ல இருக்கற எல்லாரோட பேர், ரெஜிஸ்டர் நம்பர், எந்தத் தேதி, எந்த பீரியட்ல இருந்து எந்த பீரியட் வரைக்கும், எந்த காலேஜ், என்ன ஈவென்ட். முதல்ல அட்வைசர் கையெழுத்து, அப்புறம் ஹெச்ஓடி கையெழுத்து. கையெழுத்தான உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்து உங்க ஃபைல்ல, போன்லயும் ஒரு போட்டோ. போயிட்டு வந்த மூணு நாளுக்குள்ள சர்டிபிகேட் ஜெராக்ஸ ஒரிஜினல் லெட்டரோட சேத்துக் கொடுத்து, அட்டென்டன்ஸ்ல மாத்தியாச்சான்னு கண்ணால பாத்துட்டு வாங்க. அன்னைக்கு இன்டர்னல் டெஸ்ட் இருந்தா போகவே வேண்டாம், ஓடி இருந்தாலும் மறுபடி டெஸ்ட் வைக்கறது ஒவ்வொரு ஸ்டாஃப் கையில இருக்கு.

ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கு இன்னொரு தாள் இருக்கு, அவுட்பாஸ். ஓடி லெட்டர் இருந்தாலும் வார்டன் வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்ட பிறகுதான் விடுவாங்க. முந்தின நாளே அம்மா அப்பாகிட்ட எங்க போறீங்க, யார் கூட, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு சொல்லி வச்சிருங்க, வார்டன் போன் வர்றப்ப அவங்க "எனக்குத் தெரியாதே"ன்னு சொல்லிட்டா அங்கயே முடிஞ்சுரும். நேரம் ஆகும்னு தெரிஞ்சா ஒரு ஸ்டாஃப் கூட வர்ற ட்ரிப்பா பாத்துப் போங்க.

கல்ச்சுரல்ஸ்ல என்னென்ன இருக்குன்னு தெரியாம பேர் கொடுக்கத் தயங்கறவங்களுக்கு

டான்ஸ், பாட்டு, மைம் எல்லாம் தெரிஞ்சதுதான். போஸ்டர்ல புரியாத பேரா சிலது இருக்கும். அடாப்டியூன்னா ஒரு பாட்டோட வரிய இன்னொரு பாட்டோட மெட்டுல பாடணும், குரல் சுமாரா இருந்தாலும் தாளம் தெரிஞ்சா போதும். ஷிப்ரெக்னா கப்பல் மூழ்குது, ஒரே ஒரு ஆளத்தான் காப்பாத்த முடியும், உங்களுக்கு ஒரு பிரபலத்தோட பேர் கொடுத்துருவாங்க, அவராவே பேசி என்னை ஏன் காப்பாத்தணும்னு வாதாடணும். ஜாம்னா ஒரு நிமிஷம் தடங்கல் இல்லாம, சொன்னத திருப்பிச் சொல்லாம பேசணும், மத்தவங்க குறுக்க புகுந்து தப்ப பிடிப்பாங்க. சேனல் சர்ஃபிங்னா டீமா நடிக்கணும், நியூஸுன்னா நியூஸ், சீரியல்னா சீரியல், அவங்க சேனல் மாத்த மாத்த நீங்களும் மாறணும். ஆட்ஜாப்னா ஒரு பொருளக் கொடுத்து அதுக்கு அங்கேயே விளம்பரம் பண்ணச் சொல்வாங்க. நம்ம ஊர்ல கோயில் திருவிழால மைக்கப் பிடிச்சுப் பழகின பையனுக்கு ஷிப்ரெக்கும் ஆட்ஜாப்பும் சட்டுனு வந்துரும், என் கிளாஸ்ல ஒருத்தன் அப்படித்தான் ரெண்டு வருஷம் பிரைஸ் அடிச்சான்.

தமிழ்ல பேச, எழுத வர்றவங்க காலேஜ் தமிழ் மன்றத்துல கட்டாயம் சேருங்க. தமிழ் வளர்ச்சித் துறை மாவட்ட அளவுல காந்தி, நேரு, அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர் பிறந்தநாள ஒட்டி கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்துது, முதல் பரிசு 5,000 ரூபா, அடுத்தது 3,000, அதுக்கடுத்தது 2,000. இன்ஜினியரிங் பசங்க இதுல ரொம்பக் கம்மியாத்தான் வர்றாங்க, நம்மளுக்கும்தான் அதுன்னு தெரியாததால. கலெக்டர் ஆபீஸ் பக்கம் இருக்கற தமிழ் வளர்ச்சித் துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல கேட்டா தேதியும் படிவமும் கிடைக்கும், பிரின்சிபால் கையெழுத்து வாங்கிட்டுப் போங்க.

பெரிய ஃபெஸ்ட்டுக்குப் போறப்ப

சாரங், டெக்கோஃபெஸ் மாதிரி பெரிய இடத்துக்கு முதல் வருஷம் போட்டிக்குப் போகாட்டியும் பாக்கவாவது போங்க. ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணணும், கேட்ல ஒரிஜினல் காலேஜ் ஐடி கேப்பாங்க, போன்ல இருக்கற போட்டோவ நம்பிப் போகாதீங்க. ராத்திரி நடக்கற புரோஷோவுக்கு டிக்கெட் தனி. பகல்ல நடக்கற குவிஸ், டிபேட், ஸ்ட்ரீட் பிளே எல்லாம் சும்மா நின்னு பாக்கலாம், கத்துக்கறதுக்கு உண்மையில அதுதான் நல்ல இடம், எல்லாரும் ராத்திரி கச்சேரிக்கு மட்டும் வந்துட்டு அத விட்டுர்றாங்க. ஐஐடி கேம்பஸ் 600 ஏக்கருக்கு மேல, காட்டுக்குள்ள ரோடு போட்ட மாதிரி இருக்கும், கிண்டி ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிச்சு சர்தார் படேல் ரோட்டு மெயின் கேட்ல இறங்கினாலும் உள்ள ஓஏடின்னு சொல்ற திறந்தவெளி அரங்கம் வரைக்கும் நல்ல தூரம், உள்ள ஓடற கேம்பஸ் பஸ்ல ஏறிக்கோங்க. கேம்பஸ்ல திரியற புள்ளிமானுக்குத் தின்பண்டம் எதுவும் போடாதீங்க, பிளாஸ்டிக் கவர அது அப்படியே முழுங்கிரும்.

பொண்ணுங்க சாதாரண கட்டண டவுன் பஸ்ல டிக்கெட் காசு இல்லாம போகலாம், 2021ல இருந்து இருக்கு, டீலக்ஸ், ஏசில ஏறினா காசு உண்டு. திருச்சிக்குப் போறதா இருந்தா என்ஐடி ஊருக்குள்ள இல்ல, தஞ்சாவூர் ரோட்டுல துவாக்குடில இருக்கு, பஸ் ஸ்டாண்ட்ல இருந்து போக நேரம் கணக்கு வச்சுக்கோங்க, தங்குறதுக்கு முன்கூட்டியே அவங்க அக்காமடேஷன் ஃபார்ம நிரப்பிருங்க.

முதல் வருஷத்துலயே சேர வேண்டிய ரெண்டு

ஃபெஸ்ட் எப்ப வேணாலும் போகலாம், என்சிசியும் என்எஸ்எஸ்ஸும் அப்படி இல்ல. என்சிசில கடைசிக் கட்டமான சி சர்டிபிகேட் வரைக்கும் போக மூணு வருஷம் ஆகும், அதனால முதல் வருஷமே சேர்ந்துறணும். அந்த சி சர்டிபிகேட்ல பி கிரேடாவது இருந்தா ராணுவத்துல என்சிசி ஸ்பெஷல் என்ட்ரிக்கு எழுத்துத் தேர்வு இல்லாம விண்ணப்பிச்சு, ஷார்ட்லிஸ்ட் ஆனா நேரா எஸ்எஸ்பி, அதாவது ராணுவ அதிகாரிங்களைத் தேர்ந்தெடுக்கற இன்டர்வியூதான். என்எஸ்எஸ் 1969ல ஆரம்பிச்சது, ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை, ஒரு கிராமத்துல ஏழு நாள் கேம்ப். எங்க கேம்ப்ல கண்மாய் கரைல கருவேல மரம் வெட்டினோம், ராத்திரி ஸ்கூல் வராண்டால வரிசையாப் படுத்துட்டு, சமையலுக்கு நாங்களே வெங்காயம் உரிச்சோம். கிளாஸ்ல ரெண்டு வருஷம் பேசாத பொண்ணுங்க அந்த ஏழு நாள்ல கூடப்பொறந்தவங்க மாதிரி ஆயிட்டாங்க.

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் பத்தி பொண்ணுங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். 2017ல இருந்து நடக்குது, டீம்ல ஆறு பேர், அதுல ஒருத்தராவது பொண்ணா இருக்கணும்னு ரூல். அதனால கடைசி நேரத்துல "தங்கச்சி, உன் பேர் மட்டும் கொடு போதும், வேலை நாங்க பாத்துக்கறோம்"னு சீனியர் பசங்க வருவாங்க. பேர் கொடுங்க, ஆனா அங்கயே கேளுங்க, "எனக்கு எந்தப் பகுதி? நான் என்ன பண்ணணும்?" டேட்டாபேஸோ, ஸ்கிரீன் டிசைனோ, மேடைல விளக்கிச் சொல்றதோ, ஒண்ணு உங்க கையில இருக்கணும். என்கிட்டயும் ஒரு தடவை அப்படி வந்தாங்க, நான் கேக்கல, பேர் மட்டும் கொடுத்தேன், அந்த சர்டிபிகேட்ட நான் எங்கயும் காட்டினதில்ல.

யாராவது கட்டாயப்படுத்தினா

ராத்திரி பிராக்டிஸ்னு கூப்பிட்டு வேலை வாங்குறது, வசூல் பண்ணிட்டு வான்னு மிரட்டுறது, டான்ஸ் ஆடிக் காட்டுன்னு அசிங்கப்படுத்துறது, இதெல்லாம் ராகிங்தான். தமிழ்நாட்டுல 1997லயே தனிச் சட்டம் இருக்கு. ராகிங் புகாருக்குக் கட்டணம் இல்லாத நம்பர் 1800-180-5522, இருபத்தி நாலு மணி நேரமும் எடுப்பாங்க, போன்ல இப்பவே சேவ் பண்ணிக்கோங்க. விருப்பத்தோட செய்யற வேலையும் பயத்துல செய்யற வேலையும் ஒண்ணு இல்ல, உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

முந்தின நாள் ராத்திரி

பைல எடுத்து வைக்க வேண்டியது: ஐடி கார்டு ஒரிஜினல், ஓடி லெட்டர் ஜெராக்ஸ், பேப்பர் ரெண்டு பிரின்ட், ஸ்லைடு பென்டிரைவ்ல ஒண்ணு மெயில்ல ஒண்ணு, அதோட பிடிஎஃபாவும் ஒண்ணு, ஏன்னா அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து கட்டம் கட்டமா வந்து நிக்கும். தண்ணி பாட்டில், கொஞ்சம் சில்லறை, சார்ஜர், சர்டிபிகேட் மடியாம இருக்க ஒரு ஃபைல். மாடல் ஏதாவது கொண்டு போனா டபுள்சைட் டேப்பும் ரெண்டு எக்ஸ்ட்ரா பேட்டரியும், பஸ்ல ஒயர் ஒண்ணு கழண்டு வரத்தான் செய்யும். பொண்ணுங்க பேட் ஒண்ணு பைல போட்டுக்கோங்க, வேற காலேஜ்ல யாருகிட்டப் போய்க் கேக்கறதுன்னு தெரியாது.

அங்க போன உடனே ரெஜிஸ்ட்ரேஷன் டெஸ்க்ல பேர் பதிஞ்சுட்டு, ஹால் நம்பரப் போய்ப் பாத்துட்டு, அங்க நிக்கற வாலண்டியர்கிட்ட எத்தனாவது டீம் நீங்கன்னு கேளுங்க. பச்சைத் துணி போட்ட மேசைக்குப் பின்னாடி உக்காந்திருக்கற பொண்ணும் அனேகமா முதல் வருஷமாத்தான் இருப்பா, சாப்பிட்டாளான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க.